தவளைக்கு வைத்த நல்ல தண்ணீர்

பாளையம்பட்டியில் பொன்ராஜின் வாடகைச் சைக்கிள் கடை முன்னால் பிச்சையம்மாள் வந்து நின்றபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால் பொன்ராஜுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். கோபத்தில் அவள் உதடு துடித்துக்கொண்டிருந்தது.

"இன்ஸ்பெக்டரய்யா இருக்காகளா?"

இருந்தார். அருஞ்சுனை முப்பது வருஷம் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலராக் காலத்தில் சுற்றுவட்டாரத்தில் அவர் எட்டிப் பார்க்காத கிணறு கிடையாது. காணாமல் போன ஆடு, உடைந்த பூட்டு என்று ஊரில் நாலைந்து விவகாரங்களை அலட்டிக்கொள்ளாமல் தீர்த்துவைத்தார். அன்றிலிருந்து பொன்ராஜ் தன்னைத் தானே அவருடைய வலது கையாக நியமித்துக்கொண்டான். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

"உக்காரு பிச்சையம்மா. என்ன சங்கதி?" என்றார் பேப்பரை மடித்துக்கொண்டே.

"உக்கார வரலய்யா. தவளையக் கொன்னேன்னு என்னைத் திருடின்னு தெருவுல நிக்கவச்சுச் சொல்லிட்டாக. அதக் கேட்டு மூணு வீட்டுல வேலைக்கு வராதேன்னுட்டாக. நாளைக்கு எங்க வீட்டுல அடுப்பு எரியாது."

பொன்ராஜ் பம்பைக் கீழே போட்டான். "தவளைக்காகவா? எவன் சொன்னான்?"

சொன்னவர் சங்கரலிங்கம், கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். வெளிநாட்டு நண்பர் மூலம் வந்த ஆறு நீர்த்தவளைகளை வீட்டுக் கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டி வளர்த்தார். அந்த இனம் கரையேறாது, சாகும்வரை தண்ணீருக்குள்ளேதான். அறுபத்தொன்பது மே மாதம், குழாயில் சொட்டு வராத கோடை. ஊர்க் கிணறெல்லாம் உப்பு. அப்படியும் அவர் குடும்பத்தோடு பன்னிரண்டு நாள் கொடைக்கானல் போனார். போகும்போது தவளைகளுக்கு ஏற்பாடு செய்யாமல் போகவில்லை. பந்தல்குடிப் பக்கத்துத் தோட்டக் கிணற்றிலிருந்து மாட்டுவண்டியில் தினம் காலை இரண்டு குடம் நல்ல தண்ணீர் வரும். கொல்லையில் இருக்கும் அண்டாவில் ஊற்றிவிடுவார்கள். மாலைவரை அது ஆறிக் கிடக்க வேண்டும். மாலையில் பிச்சையம்மாள் வந்து தொட்டியில் பழைய தண்ணீர் இரண்டு குடம் இறைத்துவிட்டு இதை ஊற்றி, அரிந்த ஈரலைப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

"இன்னைக்குக் காலையில அவுக திரும்பி வந்து பாத்தா ஆறும் மல்லாந்து மெதக்குது. தொட்டியச் சுத்தி உப்புப் பூத்திருக்கு. நல்ல தண்ணிய நான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி, உப்புத் தண்ணிய ஊத்திட்டேனாம்."

"அதுக்கு முன்னால தவளை கிறங்கினது உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுச்சுய்யா. சின்ன முதலாளிகிட்டச் சொன்னேன். வெயிலுக்கு அப்படித்தான் கெடக்கும், போ போன்னாக."

சின்ன முதலாளி என்றால் சங்கரலிங்கத்தின் தம்பி வெள்ளத்துரை. அதே வீட்டின் முன்பகுதியில் சாப்பாட்டுக் கிளப் வைத்திருந்தார்.

அருஞ்சுனை எழுந்து செருப்பை மாட்டினார். "பொன்ராஜ், கடையப் பூட்டு."

கொல்லையில் சங்கரலிங்கம் தொட்டியருகே துக்கவீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளைப் போல வளர்த்தேன் என்றார். பாவம்தான், ஆனால் பொன்ராஜுக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. ஒரு மனுஷியின் பிழைப்பைக் கெடுத்துவிட்டு இப்படி உட்கார்ந்திருக்கிறாரே என்று பற்றிக்கொண்டுதான் வந்தது.

அருஞ்சுனை தொட்டியைப் பார்த்தார். பிறகு அண்டாவைச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே, இரண்டு குடம் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் வெள்ளையாக ஒரு வளையம். விரலால் தேய்த்து நாக்கில் வைத்தார். பொன்ராஜ் முகத்தைச் சுளித்தான்.

"இந்த அண்டாவ இந்தப் பன்னெண்டு நாளும் வேற எதுக்கும் எடுத்தீகளா?"

"இல்ல. புதுசு வாங்கிக் கொடுத்துட்டுப் போனேன். தவளைக்கு மட்டும்தான்."

தெருவில் தண்ணீர் கொண்டுவந்த வண்டிக்காரர் இருளப்பசாமி எதிர்ப்பட்டார். "கிணத்துல நான் ஒரு சிரட்ட குடிச்சுப் பாத்துட்டுத்தான் ஏத்துவேன். இளநி கணக்கா இருக்கும். அண்டாவுல நானேதான் ஊத்துவேன்" என்றார்.

"இவருதான் வழியில வித்துட்டு உப்புத் தண்ணிய ஊத்தியிருப்பாரு" என்று பொன்ராஜ் காதைக் கடித்தான்.

"இருக்கலாம். பசிக்குதுல்ல? வா, சாப்பிடுவோம்."

வெள்ளத்துரையின் கிளப்பில் கூட்டம் நெரிந்தது. இலை போட்டார்கள். பொன்ராஜ் தம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்து வாயைக் கோணினான். ஒரே கரிப்பு. சாம்பார் வந்ததும் அந்தக் கோபம் மறந்துபோயிற்று. பருப்பு வெண்ணெயாகக் குழைந்திருந்தது. மூன்று முறை வாங்கி ஊற்றிக்கொண்டான். அருஞ்சுனை இலையில் கை நனைத்ததோடு சரி. ஒரு காப்பி மட்டும் வாங்கி, நிதானமாகக் குடித்தார்.

"அண்ணாச்சி, கிளப்புக்குத் தண்ணி எங்கிட்டிருந்து வருது?" என்று கேட்டார்.

"எங்கிட்டிருந்து வரும்? பைப்பு காஞ்சு மாசம் ஒண்ணாச்சு. எல்லாம் நம்ம கிணத்துத் தண்ணிதான். கரிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோங்க" என்றார் வெள்ளத்துரை.

"அப்ப கொஞ்சம் கொல்லைப்பக்கம் வாங்க. உங்க அண்ணன் காத்திருக்காக."

தொட்டியைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். பிச்சையம்மாள் வேப்பமரத்தடியில் தள்ளி நின்றாள். இருளப்பசாமியும் வந்திருந்தார்.

"தவளை நம்மள மாதிரி வாயால தண்ணி குடிக்காது, தோலால குடிக்கும்" என்று தொடங்கினார் அருஞ்சுனை. "அதனால உப்புத்தான் கொன்னது. சார் சொன்னதுல அவ்வளவும் சரி. ஊத்தினது பிச்சையம்மாதான், அதுவும் சரி."

பொன்ராஜ் திடுக்கிட்டு அவரைப் பார்த்தான்.

"ஆனா அண்டாவப் பாருங்க. உப்புத் தண்ணி தெனமும் அதுல நின்னுருக்கு. பிச்சையம்மா திருடியிருந்தா, கிணத்துல எறச்சு நேரா தொட்டியிலதான் ஊத்துவா. முதல்ல அண்டாவ நெறச்சு வச்சு யாரை ஏமாத்தணும் அவளுக்கு? சாயங்காலம் அண்டாவத் தெறந்து பாக்கிற ஒரே ஆளு அவதான். அந்தத் தண்ணி வச்சது அவளை ஏமாத்தத்தான்."

"அப்ப வண்டிக்காரன்!" என்றார் சங்கரலிங்கம். இருளப்பசாமி சாட்டைக் கம்பை இறுக்கிப் பிடித்தார்.

"வண்டிக்காரரு உப்புத் தண்ணி கொண்டுவந்திருந்தா இந்த வீட்டுக்குள்ள நல்ல தண்ணியே நுழைஞ்சிருக்காது. நுழைஞ்சிருக்கு. பொன்ராஜ், சாம்பார் எப்படி?"

பொன்ராஜுக்கு அப்போதுதான் சுரீரென்று உறைத்தது. "பருப்பு கரைஞ்சு போயிருந்துச்சுய்யா! எங்க வீட்டுல ஒரு மாசமா உப்புத் தண்ணியில பருப்பு வேகவே மாட்டேங்குது. கல்லு மாதிரி கெடக்குன்னு அம்மா தெனம் கத்துது!"

"ஆப்பசோடா போட்டேன்வே!" என்று வெள்ளத்துரை கத்தினார். "சோடா போட்டா எந்தத் தண்ணியிலயும் பருப்பு வேகும். இதென்ன பெரிய கண்டுபிடிப்பு!"

"அப்படிச் சொல்வீகன்னுதான் காப்பியும் குடிச்சேன்" என்றார் அருஞ்சுனை குரலை உயர்த்தாமல். "மேசையில இருந்த தண்ணி கரிச்சது. காப்பி கரிக்கல, பாலும் திரியல. காப்பிக்கும் சோடாவா போட்டீக? பருப்புக்கும் டிகாஷனுக்கும் தெனம் ரெண்டு குடம் தாராளம். வண்டி போனதும் எடுத்துக்கிட்டு, உங்க கிணத்துல ரெண்டு குடம் எறச்சு அண்டாவுல ஊத்தி வச்சீக. நேத்து எடுத்ததுதான் இன்னைக்குச் சாம்பாருலயும் காப்பியிலயும் இருக்கு."

வெள்ளத்துரையின் முகம் கறுத்தது. "ஆமா எடுத்தேன். மனுஷனுக்கு இல்லாத தண்ணி தவளைக்கு எதுக்கு? ஊரே நாக்கு வறண்டு கெடக்கு, இவருக்குத் தவளை!"

ஒரு கணம் பொன்ராஜுக்கே அது நியாயமாகப் பட்டது. அருஞ்சுனைக்கும் பட்டிருக்க வேண்டும், தலையை ஆட்டினார்.

"நல்ல கேள்வி. அதை அண்ணன் முகத்துக்கு நேரா கேட்டிருக்கணும். வந்து சாப்பிடுற மனுஷனுக்காவது அந்தத் தண்ணியக் குடிக்கக் கொடுத்தீகளா? உங்க சாம்பாருக்குப் பேரு வரணும், அவ்வளவுதான். இந்தப் பொம்பளையத் திருடின்னு தெருவுல சொன்னப்ப கல்லாவுலதான இருந்தீக? ஒரு வார்த்த பேசினீகளா?"

வெள்ளத்துரை உள்ளே போனார். யாரும் தடுக்கவில்லை.

சங்கரலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்பியைத் திட்டுவார் என்று பொன்ராஜ் எதிர்பார்த்தான். அவர் பிச்சையம்மாளைப் பார்த்துக் குறைப்பட்டுக்கொண்டார்.

"இருந்தாலும் பிச்சையம்மா, நீ ஒரு வாய் குடிச்சுப் பாத்திருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்குமே. ஆறும் பொழச்சிருக்கும்."

பொன்ராஜுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவன் வாயைத் திறக்குமுன் பிச்சையம்மாள் மரத்தடியைவிட்டு நகர்ந்து அவர் எதிரே வந்தாள்.

"தவளைக்கு வச்ச தண்ணியில நான் எப்படிய்யா வாய் வைப்பேன்? பன்னெண்டு நாளும் ரெண்டு குடத்தை இடுப்புல வச்சுத் தூக்குனேன். வீட்டுக்குப் போயி உப்புத் தண்ணியத்தான் குடிச்சேன். ஒரு வாய் குடிச்சது உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே திருடின்னு சொல்லியிருக்க மாட்டீக?"

சங்கரலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாளையிலிருந்து வேலைக்கு வந்துரு" என்றார்.

"வாரதா வேண்டாமான்னு நான் யோசிச்சுக்கிடுதேன். மொதல்ல அந்த மூணு வீட்டுக்கும் என்கூட வாங்க. நான் எடுக்கலன்னு உங்க வாயால சொல்லுங்க."

"வெயில் தாழட்டும். சாயங்காலம் ஆள் விட்டுச் சொல்லச் சொல்லுதேன்."

"என்னைச் சொன்னப்ப ஆளா விட்டீக?"

சங்கரலிங்கம் அருஞ்சுனையைப் பார்த்தார். அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பொன்ராஜைப் பார்த்தார். அவன் கொல்லைக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். வேறு வழியில்லாமல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

உச்சிவெயிலில் பிச்சையம்மாள் தெரு நடுவில் முன்னால் நடந்தாள். கல்லூரி ஆசிரியர் சங்கரலிங்கம் அவளுக்குப் பின்னால் போய், முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்.