ஒலோகிரிக்கு ஒரு வாரேன்

பிரிசில்லா மோத்தாவின் காலரில் இருந்த வாக்குப்பொறி ஒருமுறைகூடப் பச்சையாக எரிந்ததில்லை. உலக மன்றத்தில் அவள் வேலை நிலைத்திருந்ததற்கு அதுவே காரணம்.

சட்டைப் பித்தான் அளவுள்ள பொறி. மன்றத்தின் ஆள் வாயிலிருந்து ஓர் உறுதிமொழி வந்தால் பச்சை விளக்கு எரியும். உறுப்பு நாடுகளின் கப்பல்களுக்கும் கருவூலங்களுக்கும் ஆணை தானாகப் போய்விடும். எந்தத் தலைவராலும் நிறுத்த முடியாது. பொய் வாக்குறுதிகளில் சலித்துப்போன ஒரு தலைமுறை அதைச் செய்து, எல்லா நாடுகளையும் அதில் பூட்டிவிட்டுச் செத்துப்போனது. திட்டம் பலித்தது. பொய் வாக்குறுதிகள் ஒழிந்தன. வாக்குறுதிகளும் ஒழிந்தன.

இப்போது மன்றத்தில் சேருகிற எவரும் சொல்லாமைப் பயிற்சி பெற வேண்டும். 'கவனித்து வருகிறோம்.' 'ஆழ்ந்த கவலை கொள்கிறோம்.' 'இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும்.' இவற்றுக்கு விளக்கு எரியாது. பிரிசில்லா அந்தப் பயிற்சியில் முதலாவதாகத் தேறியவள்.

"ஏ பிள்ள, மீனத் தின்னுட்டுக் கவலப்படு. ஆறுது" என்றாள் எபியெரே.

எபியெரே ஒலோகிரியின் ஊர்த்தலைவி. ஆப்பிரிக்கக் கரையில், கலோரா நாட்டின் கழிமுகத்தில் இருந்தது அந்த ஊர். அவள் பேசியது அவள் மொழி. பிரிசில்லாவின் காதில் இருந்த செவிபெயர்ப்பி அதைத் தூத்துக்குடித் தமிழாக்கிக் கொடுத்தது. ஊர் நினைப்பில் பிரிசில்லா அப்படி அமைத்து வைத்திருந்தாள். போன வாரம் ஒரு தளபதி துப்பாக்கியை நீட்டி "எங்கம்மா போறிய?" என்று கேட்டபோது அவளுக்குப் பயத்தைவிடச் சிரிப்புதான் அதிகம் வந்தது.

ஊர்க்கோடியில் எண்ணெய் இறைப்பு நிலையம். அதற்காகத்தான் போர். அரசுப் படையும் அரசை எதிர்த்த கழிமுகப் படையும் மாறி மாறி அதைப் பிடித்தன. பிடித்தவர்கள் ஒரே துறைமுகத்தில், ஒரே கப்பல்களுக்கு எண்ணெய் விற்றார்கள். அதே கப்பல்களிடம் துப்பாக்கி வாங்கினார்கள். மன்றத்தின் பார்வையாளர்கள் ஊரில் இருக்கும்வரை படமெடுப்பார்களே என்று இரு படைகளும் சுடாமல் இருந்தன. பிரிசில்லா உட்படப் பார்வையாளர்கள் எல்லாரும் நாளைக் காலையில் கிளம்புகிறார்கள்.

அதற்குத்தான் இந்த விருந்து. மத்தியானத்திலேயே மேளம் தொடங்கிவிட்டது. தலைமைப் பார்வையாளர் லிண்ட்க்விஸ்ட், தென்னை உயர மனிதர், நான்கு பெண்களுக்கு நடுவில் ஆடத் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தார்.

"நீங்க போனதும் ரெண்டு பட்டாளமும் வந்துரும். முதல்ல ஊரக் கொளுத்துவானுவ. பெறகுதான் சண்டையே" என்றாள் எபியெரே. அடுத்த துண்டை இலையில் வைத்தாள். "திரும்பி வருவியளா?"

"நிலைமையைக் கூர்ந்து கவனித்து வருகிறோம்."

"கவனிச்சு?"

"ஆழ்ந்த கவலை கொள்கிறோம்."

எபியெரே வாய்விட்டுச் சிரித்தாள். "இந்தக் கவலைய வச்சு ஒரு சட்டி மீன் வேகுமா பிள்ள?"

பிரிசில்லா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். மீன் நன்றாக இருந்தது. அதைச் சொல்லலாம். அதற்கு விளக்கு எரியாது.

மூச்சு வாங்க வந்து உட்கார்ந்த லிண்ட்க்விஸ்ட் அவள் முகத்தைப் பார்த்தார். "வாயத் தொறந்துராத ஏட்டி" என்றது செவிபெயர்ப்பி. அது பதவிக்கு மரியாதை பார்ப்பதில்லை. "எல்லா நாட்டுக்காரன் கப்பலும் அந்தத் துறைமுகத்துலதான் நிக்கி. எவன் நம்மளக் காப்பாத்துவான்?"

காலையில் வானூர்தி இறங்கியபோது ஊரே திடலில் நின்றது. யாரும் அழவில்லை. பெண்கள் பாடினார்கள். போகிறவர்களுக்கு அழுத முகம் காட்டக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். எபியெரே ஒரு கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் திணித்து, பிரிசில்லாவை இறுக்கி அணைத்தாள்.

"பாத்துப் போ பிள்ள."

"சரிக்கா, வாரேன்" என்றாள் பிரிசில்லா.

காலரில் பச்சை விளக்கு எரிந்தது.

வானூர்திப் படியில் ஒரு காலை வைத்திருந்த லிண்ட்க்விஸ்ட் அப்படியே திரும்பினார். "என்னட்டி சொன்ன?"

"போறேன்னு சொன்னேன் சார்!"

"வாரேன்னுல்லா சொன்ன!"

"எங்க ஊர்ல போறதுக்கு வாரேன்னுதான் சார் சொல்லணும்!"

"அப்ப வாரதுக்கு?"

"அதுக்கும் வாரேன்தான்!"

லிண்ட்க்விஸ்ட் படியில் உட்கார்ந்துவிட்டார். பொறி தன் மெல்லிய குரலில், எல்லா மொழியிலும் ஒரே சமயத்தில் அறிவித்தது: வாக்கு பதிவாயிற்று. மன்றம் ஒலோகிரிக்கு வருகிறது.

எபியெரே ஒரு நொடி விளக்கைப் பார்த்தாள். பிறகு கைதட்டினாள். அப்புறம் மேளம் நிற்கவே இல்லை.

ஊரைக் காக்கக் கிளம்பிய கப்பல்கள் வந்து சேர்வதற்குள் போர் முடிந்துவிட்டது. வாக்குச் சட்டத்தில் ஒரு விதி உண்டு: காக்க வருகிற நாடு, காக்கப்படுகிற மண்ணில் வணிகம் செய்யக் கூடாது. எல்லா நாடுகளும் காக்க வருவதாக ஆகிவிட்டதால், அன்று பிற்பகலே எண்ணெய்க் கப்பல்கள் அத்தனையும் நங்கூரம் தூக்கின. அரசுப் படை நிலையத்தைப் பிடித்தது. வாங்க ஆள் இல்லை. கழிமுகப் படையிடம் அதை விட்டுக்கொடுக்க முன்வந்தது. அவர்களுக்கும் வேண்டாம். சம்பளம் நின்றுபோன படைவீரர்கள் ஒவ்வொருவராக எபியெரேயின் முற்றத்துக்கு வந்து, வலை இழுக்க ஆள் வேண்டுமா என்று கேட்டார்கள். துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னாள். மிகவும் சிக்கலானது என்று மன்றம் ஆண்டாண்டாகச் சொல்லிவந்த பிரச்சினை அவ்வளவுதான்.

ஆனால் எரிபொருள் விலை ஏறியது. அதனால் கலோராவைப் பற்றி மன்றம் முதன்முறையாக அவசரமாகக் கூடியது.

இரண்டு தமிழறிஞர்களை அழைத்தார்கள். 'வாரேன்' என்பது வெறும் விடைபெறும் சொல் என்றார் ஒருவர். அது எதிர்காலம் சுட்டும் வினைமுற்று என்றார் மற்றவர். மதிய உணவுக்குப் பிறகு இருவரும் பழைய பகை எதையோ எடுத்தார்கள். காவலர்கள் பிரித்துவிட வேண்டியிருந்தது.

கடைசியில் மன்றத் தலைவர் பொறியிடமே தீர்ப்புக் கேட்டார். ஒரு மொழியைக் குறிவைத்ததாகத் தெரியக் கூடாதே என்று பொதுவாகக் கேட்டார்: "விடைபெறும்போது சொல்லும் சொல் வாக்குறுதி ஆகுமா?"

ஆகாது என்றால் வாக்கு ரத்து. எண்ணெய்க் கப்பல்கள் மறுபடி கலோராவுக்குப் போகும். படைகள் மறுபடி திரளும். பிரிசில்லாவுக்கு அது தெரியும். சாட்சிக் கூண்டில் நின்றிருந்தவள் அவள்தான்.

"திரும்பும் எண்ணத்தோடு சொன்னீர்களா?" என்று கேட்டது பொறி. பொறிக்கு மட்டும் ஊர்ப்பேச்சு வராது.

"இல்ல. பழக்கத்துல வந்துட்டு."

அவையில் ஆறுதல் பெருமூச்சு. எபியெரேயின் முற்றத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் இன்னும் நெருங்கி உட்கார்ந்தது.

"உங்கள் ஊரில் ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?"

"எங்க ஆட்கள் கடலுக்குப் போறவங்க. போறேன்னு சொல்லிட்டுக் கடலுக்குப் போகக் கூடாது. எங்கப்பா வாரேன்னு சொல்லிட்டுத்தான் வள்ளம் ஏறுனாங்க."

"வந்தாரா?"

"இல்ல."

"நீங்கள் காத்திருந்தீர்களா?"

"இன்னும் காத்திருக்கோம்."

பொறி யோசித்தது. அவ்வளவு நேரம் அது யோசித்து யாரும் பார்த்ததில்லை.

"ஆகும்" என்றது. "சொன்னவர் மனத்தை அளக்க எனக்கு வழியில்லை. கேட்டவர் காத்திருப்பை அளக்கலாம். விடைபெறும் சொல் வாக்குறுதியே. எல்லா மொழியிலும்."

கடைசி இரண்டு சொற்களைத் தலைவர் கவனிக்கவில்லை. லிண்ட்க்விஸ்ட் கவனித்தார். பிரிசில்லாவின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குப் பிறகுதான் புரிந்தது.

பொறி தன் பழைய பதிவுகளைத் திறந்தது. அந்த அவையில் இருந்த ஒவ்வொரு தூதரும் எண்ணெய்க்காகச் சாகிற ஏதாவதொரு நாட்டுக்கு ஒருமுறையேனும் போனவர். குழந்தைகளைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டவர். கிளம்பும்போது விமானப் படியில் நின்று கையசைத்து, தன் தாய்மொழியில் 'மீண்டும் சந்திப்போம்' என்று சொன்னவர். வெறும் விடைபெறும் சொல் என்று பொறி விட்டுவிட்டதால், அதற்கு அப்போது விளக்கு எரிந்ததில்லை.

முதலில் தலைவரின் காலரில் பச்சை எரிந்தது. அவர் அதைக் கையால் மூடினார். விரல்களுக்கு நடுவே வெளிச்சம் கசிந்தது. பிறகு முன்வரிசை. அப்புறம் யாராலும் எண்ண முடியவில்லை. அவையே ஒரு நெல்வயல் போல இருந்தது. அவையை ஒத்திவைக்கத் தலைவர் எழுந்தார். 'மீண்டும் கூடுவோம்' என்பதுதான் ஒத்திவைக்கும் வாசகம். வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பிரிசில்லாவின் கைபேசி ஒலித்தது. எபியெரே. பின்னால் மேளமும் கூச்சலும்.

"பிள்ள, பக்கத்து நாட்டுக்காரங்க ஆறு தாண்டி வந்து நிக்காவ. தங்களுக்குக் கப்பல் எப்ப வரும்னு கேக்காவ. என்ன சொல்லட்டும்?"

எந்தத் துறைமுகத்திலும் இன்னும் ஒரு கயிறுகூட அவிழவில்லை என்று லிண்ட்க்விஸ்ட் அப்போதுதான் சொல்லியிருந்தார். 'மீண்டும் சந்திப்போம்' என்பதில் எப்போது என்று இல்லையே என்று தலைநகரங்களில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லுக்கா" என்றாள் பிரிசில்லா.

தூத்துக்குடியில் அதற்கு, இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை என்று பொருள். பொறிக்கு அது தெரியாது. அவள் காலரில் மறுபடி பச்சை எரிந்தது. ஏழு கடல்களின் துறைமுகங்களிலும், மாலுமிகள் ஏறி முடிக்கும் முன்பே, கப்பல்கள் கிளம்பின.