மூன்றாவது பெல்ட்

செல்போன் அலறியது.

லாரி ஒன்றின் அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக் இஷாக், கிரீஸ் கையாலேயே அதை எடுத்துக் காதில் வைத்தான்.

"இஷாக்கா? இன்ஸ்பெக்டர் ஆண்டனிராஜ் பேசுறேன்."

"சொல்லுங்க சார்."

"ஏம்ப்பா, கொலை பண்றதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

இஷாக்கின் இன்னொரு கையிலிருந்த ஸ்பானர் நழுவி அவன் நெஞ்சிலேயே விழுந்தது.

"கொ... கொலையா? யாரை சார்?"

"கண்ணுசாமியை!"

"யா அல்லா! அவரு செத்துட்டாரா?"

"இல்லப்பா... சாகலை." இன்ஸ்பெக்டரின் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "முயற்சிதான். உடனே ஸ்டேஷனுக்கு வா. நான் வந்து கூப்பிடுற மாதிரி வச்சுக்காதே!"

*

ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் அந்த லாரி நின்றிருந்தது.

கண்ணுசாமியின் லாரி.

பம்பர் முழுக்கச் சம்பங்கிப் பூ! கல்யாண ஊர்வலம் முடிந்து நேராக இங்கே வந்துவிட்ட மாப்பிள்ளை போல நின்றது.

அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணுசாமி. தாடிக்கொம்புப் பக்கம் பெரிய தென்னந்தோப்புக்காரர். தென்னை விவசாயிகள் சங்கத் தலைவர். அடுத்த மாதம் சங்கத் தேர்தல். ரோட்டில் ஒருவன் தும்மினால்கூட, எதிரணி பாக்கியராஜ் ஆள் அனுப்பிவிட்டான் என்று பதறுகிறவர்.

"இவன்தான் சார்!" என்று விரலை நீட்டினார். "பாக்கியராஜ் வண்டிக்கும் இவன்தான் மெக்கானிக்கு. அவன் சொல்லி எனக்கு நாள் குறிச்சுட்டான்!"

"அண்ணே, என்ன பேசுறீங்க?" இஷாக் பதறினான். "என்ன நடந்துச்சு? அதைச் சொல்லுங்க மொதல்ல."

சொன்னது இன்ஸ்பெக்டர். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சுவையாகச் சொன்னார்.

காலை ஏழு மணி. லாரியை ஓட்டியவன் டிரைவர் ரொனால்டு. பக்கத்தில் கண்ணுசாமி. இன்ஜினில் 'டப்' என்று ஒரு சத்தம். பெல்ட் கழன்று பறந்துவிட்டது. ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிட்டது. வளைவில் வண்டி திரும்பவில்லை. நேராகச் சம்பங்கித் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது! குதித்த ரொனால்டு கை ஒடிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான். கண்ணுசாமி பூவின் மேல் விழுந்தார். ஒரு கீறல் இல்லை. வாசனை மட்டும் இன்னும் போகவில்லை.

"பத்து நாள்ல இது மூணாவது பெல்ட்டு," என்றார் ஆண்டனிராஜ். "மூணையும் மாட்டுனது நீ. போதாதா? நாலு மணிக்கு உன்னைய மாஜிஸ்திரேட் அய்யா முன்னாடி நிறுத்துறேன். ராத்திரிச் சாப்பாடு ஜெயில்ல!"

இஷாக் பயந்துபோனான்.

பதினெட்டு வருடமாக இந்த ஊரில் ஸ்பானர் பிடிக்கிறான். ஆளைக் கொல்லப் பெல்ட்டைக் கழற்றிவிட்டவன் என்று ஒரு தடவை பெயர் வந்துவிட்டால், அப்புறம் எவன் அவனிடம் வண்டியை விடுவான்? பயம் போய் அவமானம் வந்தது. அவமானம் போய்க் கோபம் வந்தது.

"சார், நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. வண்டியைத் தொட விடுங்க. பெல்ட்டு ஏன் கழலுதுன்னு உங்க கண்ணு முன்னாடி காட்டுறேன்!"

"தடயத்தை அழிக்கவா?"

"பக்கத்துலயே நில்லுங்க சார்."

"இந்த வெயில்லயா? நானா?"

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டருக்குப் பிரியாணிப் பொட்டலம் வந்து சேர்ந்தது. வாசனை அவர் மனதை இளக்கியது.

"சரி... இதை நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் உனக்கு டயம். சுகன்யா! இவன் மேல ஒரு கண்ணு வச்சுக்கம்மா."

பெண் போலீஸ் சுகன்யா வந்து பக்கத்தில் நின்றாள்.

*

இஷாக் முதலில், காலையில் கழன்ற பெல்ட்டைக் கையில் எடுத்தான்.

ஒரு ஓரம் மட்டும் நார் நாராகப் பிய்ந்திருந்தது. மறு ஓரம் புத்தம் புதிது!

"பழசாகி அறுந்தா முழுசா வெடிப்பு விட்டிருக்கும்," என்றான். "இது ஒரு பக்கமாத் தேஞ்சு கழண்டிருக்கு. ஏதோ ஒரு புல்லி நேர்ல இல்ல."

"அதை மொத பெல்ட்டுலயே பாக்குறதுக்கு என்ன?" என்றாள் சுகன்யா.

சுருக்கென்றது அவனுக்கு.

"பாத்திருக்கணும் மேடம். பெல்ட்டுதான் மட்டமான சரக்குன்னு நெனச்சு வேற மாத்திட்டேன். ரெண்டாவது தடவையும் அதையே செஞ்சேன். அது என் தப்புதான். ஆனா கொலை இல்ல!"

அந்த லாரியில் எல்லாவற்றுக்கும் ஒரே பெல்ட். வாட்டர் பம்ப், டைனமோ, ஸ்டீயரிங் பம்ப் என்று அத்தனை சக்கரங்களையும் பாம்பு மாதிரி வளைந்து நெளிந்து சுற்றிக்கொண்டு ஓடும். அந்தச் சக்கரங்கள்தான் புல்லி. அதில் ஒன்று கொஞ்சம் விலகி நின்றாலும் பெல்ட் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்துவிடும்.

தன் ஸ்பானர் பையிலிருந்த புது பெல்ட்டை மாட்டினான். இன்ஜினைக் கிளப்பினான்.

"கீ... ஈ... ஈ... ச்!"

ஸ்டேஷனே காதைப் பொத்தியது. கண்ணுசாமி துள்ளி எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போனார்.

"பாத்தீங்களா சார்! மறுபடியும் என்னையக் கொல்லப் பாக்குறான்!"

"செத்த நேரம் சும்மா இருங்கண்ணே!"

இஷாக் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். ஓடுகிற பெல்ட்டின் மேல் லேசாகத் தெளித்தான்.

சத்தம் நின்றது!

"என்னய்யா..." பிரியாணி வாயோடு இன்ஸ்பெக்டர் வியந்தார். "எங்க சர்ச் ஃபாதர் மாதிரி தீர்த்தம் தெளிக்கிறே?"

"பொறுங்க சார்."

ஒன்று... இரண்டு... மூன்று...

"கீ... ஈ... ச்!"

"தண்ணி பட்டதும் சத்தம் கூடுனா பெல்ட்டு லூசுன்னு அர்த்தம். நின்னுட்டுத் திரும்ப வந்தா புல்லி கோணல்!" இஷாக் இன்ஜினை அணைத்தான். "ஒரு நூல் வேணும் மேடம்."

சுகன்யா உள்ளே போய், கேஸ் கட்டைக் கட்டுகிற நூலைக் கொண்டுவந்தாள். அந்த ஸ்டேஷனில் எதையும் நூல் பிடித்து விசாரித்ததாகச் சரித்திரம் இல்லை. நூல், கட்டி வைக்க மட்டும்தான்.

இஷாக் நூலின் ஒரு முனையைச் சுகன்யாவிடம் கொடுத்தான். கீழே இருந்த பெரிய புல்லியின் முகத்தோடு ஒட்டி, மேலே வரை விறைப்பாக இழுத்தான். ஒவ்வொரு புல்லியாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

எல்லாம் நேர். எல்லாம் நேர். எல்லாம்...

ஒன்றில் நூல் மோதி வளைந்தது!

பெல்ட்டைத் தாங்கிப் பிடிக்க நடுவில் சும்மா சுற்றுகிற ஐட்லர் புல்லி அது. மூன்று மில்லிமீட்டர் வெளியே தள்ளி நின்றது.

"இதை யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க!"

"நீதான்!" கண்ணுசாமி கத்தினார்.

"பெல்ட்டு மாத்துறதுக்கு இதைக் கழட்டவே வேண்டாம்ணே. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரைத் தளத்துனாப் போதும். பதினெட்டு வருசத்துல இந்த வண்டியில இந்த போல்ட்டை நான் தொட்டதே இல்ல."

"பதினெட்டு வருசமா? வண்டி வாங்கியே மூணு வருசம்தானய்யா ஆச்சு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார்!"

டென்ஷனரைத் தளர்த்தி பெல்ட்டை எடுத்தான். ஐட்லர் போல்ட்டைக் கழற்றினான். புல்லி கையோடு வந்தது. அதன் பின்னாலிருந்து ஏதோ ஒன்று தரையில் விழுந்தது.

'ணங்!'

"பாம்!" கண்ணுசாமி அலறினார். "ரிமோட் பாம் சார்!"

இன்ஸ்பெக்டர் ஆண்டனிராஜ், பிரியாணிப் பொட்டலத்தோடு சுகன்யாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தார். எப்போது போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

சுகன்யா குனிந்து அதை எடுத்தாள்.

செம்பு. எட்டாக மடித்த செம்புத் தகடு. நடுவில் போல்ட் நுழைகிற அளவுக்கு ஓட்டை. மேலே மஞ்சள், குங்குமம்!

"மந்திரத் தகடு சார்."

"செய்வினை!" கண்ணுசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "பாக்கியராஜ் எனக்குச் செய்வினை வச்சுட்டான்!"

"ஏன் பாய்..." இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். "மெக்கானிக் வேலையோட இந்த வேலையும் பாக்குறியா?"

"சார்! நான் அஞ்சு வேளை தொழுறவன்!"

சுகன்யா தகட்டைப் பிரித்தாள். கட்டம் கட்டமாகக் கோடு. கட்டத்துக்குள் எண்கள். அதன் கீழே ஆணியால் கீறிய எழுத்து.

"படிம்மா, படி!"

"'அய்யம்மாள் மகன் கண்ணுசாமி... ரோகிணி நட்சத்திரம்...'"

"எங்க ஆத்தா பேரைக்கூட எழுதியிருக்கான் சார்! படுபாவி!"

"'மேற்படியான்... நாகல் நகர், சோலையம்மாள் மகள் பவித்ரா வீட்டு வாசல்... மிதியாதிருக்க!'"

இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கண்ணுசாமியைப் பார்த்தார்.



கண்ணுசாமியின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. "லோ... லோடு ஏத்தத்தான் சார் போனோம்..." என்றார், யாரும் கேட்காமலே.

"அம்புட்டுக் காலைல நாகல் நகர்ல என்ன லோடு?"

எல்லோரும் திரும்பினார்கள்.

கேட்டருகே தூக்குச்சட்டியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். கண்ணுசாமியின் மனைவி புவனேஸ்வரி.

"அந்தத் தகட்டை வச்சது நான்தான்," என்றாள்.

"நீங்களா?" இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த பிரியாணி கீழே விழுந்தது. "எப்படிம்மா?"

"பதினேழாம் நம்பர் ஸ்பானர்லதான். எங்கப்பா முப்பது வருசம் லாரி ஓட்டுனவரு சார். கார்ல போனா நான் கேள்வி கேப்பேன்னு, இவரு லோடுக்குப் போறேன்னு லாரில ஏறிப் போறாரு. மந்திரவாதிகிட்டச் சொன்னேன். வண்டியோட நெஞ்சுல, சுத்துற எடத்துல, ஒருத்தர் கண்ணும் படாம வைன்னாரு. வச்சேன்."

"இது கொலை முயற்சிம்மா!"

"அப்படின்னா பிடிச்சுட்டுப் போங்க. ஆனா எதுக்கு வச்சேன், எந்த வீட்டுக்காக வச்சேன், எல்லாத்தையும் கேஸ்ல எழுதணும். சங்கத்து ஆளுக அம்புட்டுப் பேரும் படிக்கணும்!"

"சார்!" கண்ணுசாமி பாய்ந்து வந்தார். "புகார் வாபஸ்! கொலையும் இல்ல, முயற்சியும் இல்ல! எல்லாம் ஒரு விளையாட்டுக்கு..."

"விளையாட்டா?"

இஷாக் ஸ்பானரைத் தரையில் எறிந்தான்.

"என்னைய ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தீங்களே, அது விளையாட்டாண்ணே? என் மேல தப்பு இல்லன்னு இங்கயே, இவங்க முன்னாடியே கைப்பட எழுதுங்க. எழுதுனாத்தான் வண்டி கிளம்பும்!"

கண்ணுசாமி எழுதினார். இரண்டு எழுத்துப் பிழையோடு. புவனேஸ்வரி அதை வாங்கி, திருத்தி எழுதச் சொன்னாள். மறுபடியும் எழுதினார்.

"அக்கா, ரொனால்டு கை ஒடிஞ்சு கெடக்கான்," என்றான் இஷாக், காகிதத்தை மடித்துக்கொண்டே.

புவனேஸ்வரியின் தலை தாழ்ந்தது. "அதுதான் பாய் மனசைப் போட்டு அறுக்குது. பெல்ட்டு கழலும்னு எனக்குத் தெரியாது. சாமியா பாத்து நிறுத்தும்னு நெனச்சேன். அவனுக்குத்தான் கஞ்சி கொண்டு போறேன். கை கூடுற வரைக்கும் இவருதான் டிரைவர். நான் பக்கத்துல உக்காருவேன்."

தகடு இல்லாமல் புல்லியை மாட்டினான் இஷாக். நூல் பிடித்தான். அப்பழுக்கில்லாத நேர். பெல்ட்டை ஏற்றி இன்ஜினைக் கிளப்பினான். ஒரு முனகல்கூட இல்லை.

கண்ணுசாமி ஸ்டீயரிங்கில் ஏறினார். பக்கத்தில் புவனேஸ்வரி. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஆனா பாய், மந்திரவாதியைக் குறை சொல்லக் கூடாது," ஜன்னல் வழியாகச் சொன்னாள் அவள். "நாகல் நகர் போகாதுன்னாரு. மூணு தடவையும் போகலைல்ல?"

லாரி கேட்டைத் தாண்டி மறைந்தது.

இஷாக் ஸ்பானர்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். தோளில் ஒரு கை விழுந்தது. ஆண்டனிராஜ்! முகமெல்லாம் வியர்வை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாய்... நம்ம ஜீப்பையும் ஒரு தடவை நூல் பிடிச்சுப் பாத்துரேன். நாலு நாளா அதுலயும் இதே மாதிரி சத்தம் வருது!"

இஷாக் நிதானமாக நூலை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"எந்தத் தெருவுல திரும்புறப்ப சார் வருது?"