ஷேடர் முடியிறதுக்குள்ள

“கையை எடுங்கோ அப்பா, மவுஸில இருந்து கையை எடுங்கோ எண்டுறன்—”

“நீ முதல்ல கதிரையை விட்டு எழும்பு. படையல் வைச்சாச்சு, அறையைச் சாத்தவேணும், போன பிள்ளை வந்து—”

“அவன் போகேல்லை!”

“—வந்து சாப்பிடேக்கை உயிரோட ஒருத்தரும் உள்ளுக்கு இருக்கக்கூடாது, சாருஜா. தம்பி போய் எட்டாம் நாள், எட்டுச் செலவு நாளில இதென்ன பிடிவாதம்? கிருலப்பனையில இருந்து மாமா ஆக்கள் வரப்போகினம். கம்ப்யூட்டரை நிப்பாட்டு.”

“நிப்பாட்ட மாட்டன். நீங்கள் வேணுமெண்டால் வெளியில நிண்டு சாத்துங்கோ.”

பாலசுந்தரம் கையை எடுத்துக்கொண்டார். மகளிடம் தோற்றுப்போன முகம் இல்லை அது. அவருடைய குரல் சட்டென்று இறங்கியது.

“நான் காலமை பிளக்கைக் கழட்டிப்போட்டன், பிள்ளை.”

சாருஜா குனிந்து பார்த்தாள். மேசைக்கடியில் கறுப்பு வயர் சுருண்டு கிடந்தது. பிளக்கின் மூன்று பித்தளைக் கால்களும் மேலே பார்த்தபடி இருந்தன. கணினியின் விசிறியோ, தம்பி தேனுஜன் எழுந்து போன மாலையிலிருந்து ஒரே சீராக மூச்சு விடுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் நடுவில் நீலக் கோடு அங்குலம் அங்குலமாக வளர்ந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று.

“அப்ப நல்லது,” என்றாள். “இனி கரண்ட் போனாலும் பயமில்லை.”

தேனுஜன் விண்டோஸைத் தூக்கி வீசிவிட்டு லினக்ஸ் போட்ட நாளிலிருந்து இந்தக் காத்திருப்பு வீட்டில் இன்னோர் ஆளைப்போலக் குடியிருந்தது. விளையாட்டு திறக்குமுன், வெளிச்சம் எங்கே விழும், நிழல் எப்படிச் சாயும், தோல் எப்படி மினுங்கும் என்று எல்லாவற்றையும் கணினி முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைக்கும். ஷேடர் ஓடுது என்பான். பழைய கணினி, அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் என்று இழுக்கும். காத்திராமல் தாண்டிப்போகத் திரையின் கீழே ‘ஸ்கிப்’ என்று ஒரு பட்டன் சும்மா இருக்கும்.

“அதை அமத்தன்டா. நான் சோறும் வடிச்சிட்டன், உன்ர மிஷின் இன்னும் உலை கொதிக்குது.”

“அமத்தினா உள்ளுக்கு எல்லாம் விக்கி விக்கித்தான் ஓடும், அக்கா. ஆக்கள் முழுசா வரமாட்டினம். சட்டை வரும், முகம் வராது. அந்தக் கோலத்தைப் பாத்தியெண்டா உனக்குச் சத்திதான் வரும்.”

கடைசி நாளும் அப்படித்தான். கோடு பாதியைத் தாண்டும்போது எழுந்தான். “மாலுபணிஸ் வாங்கிக்கொண்டு வாறன். இது முடியிறதுக்குள்ள வந்திடுவன்.” மீன் அடைத்த அந்தப் பணிஸை வாங்கினான். அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு சிகரெட் பற்றவைக்க, வழக்கம்போல் தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக் கல்லுக்குப் போனான். வெள்ளவத்தை ரயில் சத்தம் வீட்டுக்குள் எப்போதும் கேட்பதுதான். அன்றும் கேட்டது. மலர்ச்சாலைக்காரர் சவப்பெட்டியைத் திறக்க விடவில்லை.

“முகத்தைக் காட்டாமல் எரிச்சுப்போட்டு, அவன்தான் எண்டு எல்லாரும் சொல்லுறியள்,” என்றாள் சாருஜா, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். “எனக்கு அவன் சொன்ன சொல் இருக்கு. இது இன்னும் முடியேல்லை.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. விளக்கு வைக்கிற நேரத்துச் சாம்பல் வெளிச்சம் யன்னல் வழியாக வந்து, வாழையிலையில் இருந்த சோற்றிலும் நண்டுக்கறியிலும் படிந்து, அப்படியே மங்கியது. குத்துவிளக்கின் எண்ணெய் வாசனைக்குள் வேறொரு வாசனை மெல்ல நுழைந்தது, முதலில் கடல் என்று நினைத்தாள், பிறகு ஈரச் சட்டை, பிறகு ரயில் பிரேக் பிடித்தபின் தண்டவாளத்தில் தங்கும் அந்தச் சூடான இரும்பு.

தொண்ணூற்று ஐந்து.

அலுமாரியின் பக்கத்துச் சுவரில் ஒரு நிழல் இருந்தது. அப்பாவுடையது என்று விட்டுவிட்டாள். பிறகு பார்த்தாள்: அப்பாவின் நிழல் கதவுப் பக்கம் கிடந்தது. அவளுடையது காலடியில். இது மூன்றாவது. ஒரு தோள், சற்றுக் கூன், கழுத்து. கோடு நகர்ந்தபோது, அந்தக் கழுத்தின்மேல் ஒரு காது முளைத்தது.

“அப்பா.”

“கண்டனான். நேற்றே கண்டனான். நேற்றுக் கால் மட்டும்தான் இருந்தது.”

அவளுக்குள் பயம் எழுந்தது. அதன் தலையிலேயே குட்டி இருத்தினாள். வரட்டும். எப்படியும் வரட்டும். முழுசாக வரட்டும். எட்டு நாளாகச் சோறு தண்ணி பாராமல் இந்தக் கதிரையில் அவள் காவல் இருந்தது அதற்குத்தான்.

தொண்ணூற்று ஆறு. நிழலுக்குக் கூரான நாடி வந்தது.

“பொறுங்கோ அப்பா. இன்னும் கொஞ்சம்தான்.”

“பொறுத்தது காணும்,” என்றார் பாலசுந்தரம். வயசான மனுசன் அப்படிப் பாய்வார் என்று அவள் நினைக்கவில்லை. மவுஸைப் பறித்தார். கீழே இருந்த ஒரே பட்டன்.

“ஸ்கிப் வேண்டாம்! அப்பா, அதை மட்டும்—”

கிளிக்.

கோடு மறைந்தது. திரை கறுத்தது. விசிறி நின்றது. அந்த அமைதியில் மழைகூடத் தூரம் போனதுபோல் இருந்தது. சுவரில் நிழல் இல்லை.

“பாத்தியே,” என்றார் அப்பா, மூச்சு வாங்க. “முடிஞ்சுது.”

வெளியே லிஃப்ட் மணி அடித்தது.

“மாமா ஆக்களாக்கும்,” என்றார்.

காலடி ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. பிறகு மூன்று காலடி ஒன்றாக. மறுபடி அதே முதல் காலடி, அதே இடத்தில்.

மாமா அப்படி நடக்கமாட்டார். ஒருவருமே அப்படி நடக்கமாட்டார்கள்.

வெளிக்கதவில் தட்டு. அரைத் தட்டு. பாதியில் அறுந்து, மீண்டும் தொடக்கத்திலிருந்து.

“திறவாதை,” அப்பா அவள் கையைப் பிடித்தார். “என்ர பிள்ளையெல்லே, திறவாதை.”

“வா வா எண்டு கூப்பிட்டது நான். வந்தவனை வாசல்ல விடுறதோ?” கையை உதறினாள். “சோறு ஆறுது, அப்பா.”

கூடத்தைக் கடந்தாள். கொண்டியை இழுத்தாள்.

றப்பர் செருப்பு. சரி. நீலச் சட்டை. சரி. கையில் கடுதாசிப் பை, மாலுபணிஸின் எண்ணெய் ஊறிய வட்டம்கூடச் சரி. விரல் நுனிகளில் மழைத்துளிகள். விழவில்லை. தொங்கின. தலைமயிர் முதலில் திரும்பியது. தலை பிறகு திரும்பியது. கொலருக்கு மேலே, பூச்சுப் பூசாத சுவரைப்போல், சாம்பல் நிறத்தில் ஒரு வழுவழுப்பு. கண் இல்லை. மூக்கு இல்லை. பின்சுவரில் நிழல் மட்டும் முழுசாக வந்திருந்தது, மூக்கோடு, நாடியோடு. அந்த மூக்கு தேனுஜனுடையதுதானா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

உள்ளே அப்பா முருகா முருகா என்று முனகுவது கேட்டது.

அவள் பின்வாங்கவில்லை. கதவை இன்னும் அகலத் திறந்து பிடித்தாள்.

“வாயில்லாட்டிப் பரவாயில்லை, தலையையாவது ஆட்டு, தம்பி. நீதானே?”