உலர்ந்த கை

மழைக்கு முந்தைய நாட்களில் அந்தத் தேவாலயத்தின் கற்களெல்லாம் வியர்க்கும். தூண்கள், தரைக்கல், ஞானஸ்நானத் தொட்டி என எல்லாவற்றின் மேலும் மெல்லிய ஈரம் படிந்து, பழைய துதிப்புத்தகங்களின் பூஞ்சை வாடையும் மெழுகு வாடையும் கலந்து மூக்கில் ஏறும். டிசம்பர் வெள்ளிக்கிழமை, மணி மூன்றரை. வடக்குச் சுவரோரம் கல்லறைமேல் மல்லாந்து கிடந்த கல் வீரனைத் துடைத்துக்கொண்டு வந்தாள் மேவிஸ் தர்ட்டில். பக்கத்தில் கிடந்த அவன் மனைவியின் சிலையை எந்தக் காலத்திலோ உடைத்துவிட்டிருந்தார்கள். அவளைப் பிடித்திருந்த வலது கை வெறுமையாக நீண்டிருந்தது. அங்கே வந்ததும் துணி நின்றது. கவசம் நனைந்திருந்தது. முகம் நனைந்திருந்தது. அந்தக் கை மட்டும் உலர்ந்திருந்தது.

கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தாள். சூடு.

அவள் பயப்படவில்லை. கணவன் கிளிஃப் இறந்த இந்த ஐந்து வாரமாக அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. நாரிச் ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்வதற்குள் அவன் கை சில்லிட்டிருந்தது. அதற்குப் பிறகு, கெட்டிலில் கை பட்டுக் கொப்புளித்ததுகூட மறுநாள்தான் தெரிந்தது.

"அந்த ஆளைத் தொடச்சது போதும் மேவிஸ்," என்றாள் பக்கத்து வீட்டு எனிட், பீடத்தின் வாடிய பூக்களை வாளியில் போட்டபடி. கோயில் சாவி அவளிடம்தான். "அறுநூறு வருஷமா அப்படியேதான் கெடக்கறாரு. எழுந்து டீயா கேக்கப் போறாரு?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மனசுல வெச்சுக்காத."

"பரவால்ல. ஹீட்டர் ஏதும் போட்டியா?"

"அது கெட்டு ரெண்டு குளிர்காலம் ஆச்சு. இதைக் கொட்டிட்டு வந்து பூட்டறேன், அதுக்குள்ள கெளம்பு."

எனிட்டின் பூட்ஸ் சத்தம் சரளைக்கல்லில் தேய்ந்து மறைந்தது. வண்ணக் கண்ணாடிகளில் முதலில் சிவப்பு அணைந்தது, பிறகு நீலம். மேவிஸ் தன் கையை அந்தக் கைக்குள் வைத்தாள். தூங்கி எழுந்த மனிதனின் சூடு. அது விரல் விரலாக அவளுக்குள் ஏற, ஐந்து வாரத்தில் முதல்முறையாகக் கண் கரித்தது. இன்னும் கொஞ்ச நேரம் என்று நினைத்தாள்.

மணல் உதிர்வதுபோல் ஒரு சத்தம்.

கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. கல் விரல்கள் மடங்கியிருந்தன.

"மேவிஸ்?" வாசலில் எனிட்டின் குரல். நடுவே தூணும் இருட்டும். "போயிட்டியா?"

மேவிஸ் வாயைத் திறந்தாள். கூப்பிட்டால் எனிட் ஓடி வந்து இழுப்பாள், கை விடுபடும். மறுபடி அந்த வீடு. மரத்துப்போன காலைகள். வாயை மூடிக்கொண்டாள்.

சாவி இரண்டு சுற்று சுற்றியது.

சூடு நின்றது. பிறகு திரும்பிப் போகத் தொடங்கியது. விரல்நுனி, மணிக்கட்டு, முழங்கை, தோள். அது விட்டுப் போன இடமெல்லாம் கனத்தது. வலி இல்லை. இப்போது கத்த நினைத்தாள். நாக்கு அசையவில்லை. கழுத்து திரும்பவில்லை. கண் மட்டும் அசைந்தது.

வீரனின் கல் மார்பின்மேல் ஈரம் காய்ந்துகொண்டே போனது. கவசத்தில் ஒரு விரிசல். மார்பு உயர்ந்தது. தாழ்ந்தது.

கல் உதடுகளின் நடுவிலிருந்து மூச்சு வெண்புகையாக எழுந்து குளிரில் கலைந்தது. மேவிஸ் தன் வாயெதிரே பார்த்தாள். அங்கே எதுவும் எழவில்லை.