மாட்டுமணி விழுந்த இடம்

கிளெண்டா ரஸ்க் டெஸ்ஸின் வீட்டுக்குள் வந்ததும் உட்காரவில்லை. கைபேசியை மேசைமேல் வைத்து ஒரு விளம்பரத்தை ஓடவிட்டாள். கழிவறை நாற்றத்தைப் போக்கும் நீலத் திரவம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவன் குதிக்கிறான். பின்னணியில் டிரம்ஸ், தாளம் ஒரு சுற்று முடியும்போதெல்லாம் 'டொக்' என்று ஒரு மாட்டுமணி.

"இது என் புருஷன் வாசிச்சது. டேமியன் ஹோட் திருடி விளம்பரத்துக்கு வித்துட்டான். கேட்கக் கேட்கக் குமட்டுது."

டெஸ் கலியா, காப்பீட்டுக்காரர்களுக்காகப் பொய்க் கோரிக்கைகளைத் துருவியே காலம் கழித்தவள். அவள் ஒரு நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டாள். பக்கத்தில் இருந்த நார்ம் பிட், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், அதற்குள் எழுந்தேவிட்டார்.

"உங்க புருஷனோட குழுவுல வாசிச்ச அந்த கிட்டார்க்காரனா? வா டெஸ், இப்பவே போய் அமுக்கிடலாம்."

"உட்காரு நார்ம். டீ ஆறுது."

கிளெண்டா சொன்னாள். போர்ட் கெம்ப்லா உருக்காலைத் தூசு அவள் கணவர் கெல்லின் நுரையீரலை அரித்த பிறகு மேடை ஏற முடியவில்லை. பின்னறையில் மின் டிரம்ஸ் போட்டுக்கொண்டு, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, தனக்கு மட்டும் கேட்கும்படி வாசித்தார். வாசித்த தாளங்களைக் கணினியில் ஒவ்வொன்றாகச் சேமித்து, பெயர் வைத்து, கோப்புறைகளில் பிரித்து அடுக்கினார். போன குளிர்காலத்தில் அவர் இறந்தார். பிறகு திறந்து பார்த்தால் கோப்புறைகள் காலி.

"ஹெட்ஃபோன்ல வாசிச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பெடலை மிதிக்கிறது தரை வழியா வரும். ரெண்டு மிதி, ஒரு தயக்கம், ஒரு மிதி, அப்புறம் நீளமா ஒண்ணுமே இருக்காது. பாத்திரம் கழுவிட்டு நிப்பேன், உள்ளங்கால்ல ஏறும். அதுக்கு அவர் வச்ச பேரு 'கிளெண்டா கோபம்'. நான் கோபப்பட்டா எப்படி இருக்கும்னு பிடிச்சு வச்சிருக்கேன்னு சிரிப்பார். இந்த மணியை மட்டும் எனக்குத் தெரியாது."

"ஹோட் என்ன சொல்றார்?"

"எல்லாம் தானே போட்டதாம். கெல்லோட அறைப்பக்கமே போனதில்லையாம். கெல்லோட தம்பி வெஸ், எனக்குத் துக்கத்துல புத்தி பிசகிடுச்சுங்கிறான். அவன்தான் ஒரு தடவை கெல்லோட அந்த லேப்டாப்பை வாங்கிட்டுப் போனான். அவனே ஹோட்டுக்கு வித்திருப்பானோன்னு இருக்கு." கைபேசியை எடுத்து அணைத்தாள். "கெல் வாசிச்சதுன்னு நாலு பேர் முன்னாடி ஆகணும். அவர் காதுல கேட்டதை நானும் ஒரு தடவை கேட்கணும். கக்கூஸ் விளம்பரத்துல இல்ல."

மறுநாள் காலை டெஸ் கெல்லின் பின்னறையில் நின்றாள். கணினி மௌஸின் மேல் ஏதோ செம்பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. நார்ம் குனிந்து மோந்தார்.

"ரத்தம்!"

"தக்காளி சாஸ்," என்றாள் கிளெண்டா. "தொடைக்கணும்னு வருவேன். தொட அருவருப்பா இருக்கும், விட்டுடுவேன். கெல் கடைசில கஞ்சி மாதிரி சூப்புதான் குடிச்சார். அடக்கம் முடிஞ்சு வந்தவங்களுக்குத்தான் சாசேஜ் ரோலும் தொட்டுக்க சாஸும் வச்சேன்."

டெஸ் டிரம்ஸ் பக்கம் திரும்பினாள். எல்லாம் ஒரே கறுப்பு ரப்பர் பேட்கள். இடதுபுறம் உயரத்தில் இருந்தது மட்டும் சாம்பல் நிறம், பழையது. அதன் வயர் மற்ற வயர்களோடு சேராமல் டேப் ஒட்டப்பட்டு, டிரம்ஸின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் ஓரத்தில் உபரியாக இருந்த துளைக்குள் போனது.

"இது?"

"முன்ன இருந்தது உடைஞ்சுபோச்சு. அதோட துளையும் போச்சு. வெஸ் எங்கிருந்தோ இதைக் கொண்டுவந்து சொருகிக் கொடுத்தான்."

டெஸ் மென்பொருளைத் திறந்தாள். தாளங்கள் இல்லை. ஆனால் எந்த பேடுக்கு எந்தச் சத்தம் என்று கெல் தனியாகச் சேமித்த ஒலியமைப்பு அப்படியே இருந்தது. அதைப் பார்த்தபின், "ஞாயித்துக்கிழமை எல்லாரையும் டீக்குக் கூப்பிடுங்க," என்றாள்.

ஹோட் கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு வந்தான். பிஸ்கட்டை டீயில் முக்கிச் சத்தம் வர உறிஞ்சினான். வெஸ் சுவரோரம் கையைக் கட்டி நின்றார்.

"உங்க தாளத்தை ரசிச்சேன். அசல் கோப்பு கொண்டுவந்தீங்களா?" என்றாள் டெஸ்.

"அள்ளிட்டு வந்திருக்கேன், நண்பரே." ஹோட் ஒரு பென் டிரைவை ஆட்டினான். "மறைக்க என்ன இருக்கு?"

"அந்த மணி புதுசா இருக்கு."

"அதான் என் கையெழுத்து! யாருக்கு வரும் அந்த யோசனை?"

"ஒண்ணுதான் புரியல. மாட்டுமணிச் சத்தம் அடிச்ச வேகத்துல செத்துடும். நீங்க முழு பலத்தோட அதை அடிச்சுட்டு, நீளமா எதுக்குக் காத்திருக்கீங்க? எது அடங்கணும்னு?"

ஹோட்டின் கையில் பிஸ்கட் ஊறி, ஒடிந்து, கோப்பைக்குள் விழுந்தது. "அது... ஒரு ஸ்டைல்."

டெஸ் நிதானமாகச் சொன்னாள்: "இந்தக் கோப்புல சத்தமே கிடையாது. எந்த பேடோட எண், எவ்வளவு அழுத்தம், எப்போ, அவ்வளவுதான். எண்ணுக்குச் சத்தம் கொடுக்கிறது மென்பொருள். கெல் பெரிய தட்டை, அந்தப் பித்தளைச் சிம்பலை, அடிக்கிற இடத்துல இந்தச் சாம்பல் பேட் இருக்கு. உபரித் துளையில இருக்கிறதால இது அனுப்புற எண் வேற. சாதாரணமா எந்தக் கணினியிலயும் அந்த எண் மாட்டுமணி. கெல் மட்டும் தன் கணினியில அதைத் தட்டுன்னு மாத்தி, தனியா சேமிச்சு வச்சார்; தட்டோட அதிர்வு அடங்கத்தான் அந்த நீளக் காத்திருப்பு. எடுத்தவர் தாளங்களை அள்ளினார், அழிச்சார். இந்த அமைப்பு வேற இடத்துல இருக்குன்னு அவருக்குத் தெரியல."

"அப்போ வெஸ்..." என்றார் நார்ம்.

"வயரைச் சொருகினவரே வெஸ். அவர் எடுத்திருந்தா மணி அடிச்சதுமே என்ன தப்புன்னு தெரிஞ்சிருக்கும். அதை யோசனைன்னு நினைச்சுப் பெருமைப்பட, இந்த பேடைப் பத்தித் தெரியாதவரா இருக்கணும்." டெஸ் மௌஸை ஒரு காகிதத்தில் வைத்து நகர்த்தினாள். "அடக்கம் முடிஞ்சு, கையில சாசேஜ் ரோலோட உள்ள வந்தவரா."

ஹோட் தோளைக் குலுக்கினான். "சரி, அவன் போட்டதுதான். அதுக்கென்ன? செத்தவன் பெட்டியில கிடந்து மக்கியிருக்கும். நான் உயிர் கொடுத்தேன். நீங்க நன்றி சொல்லணும்."

கிளெண்டா அவன் கையையே பார்த்தாள். சவப்பெட்டியைத் தூக்கிய கை, ரோலைத் தின்ற கை, அதே கை. அன்று இவன் அவளைக் கட்டிப்பிடித்து அழுதபோது அந்த விரல்கள் தன் முதுகில் இருந்தது நினைவுக்கு வந்து, சட்டையைக் கழற்றி எறியவேண்டும்போல் இருந்தது.

"நீ சொன்னதை இத்தனை பேர் கேட்டாச்சு," என்றாள். "பென் டிரைவை வச்சுட்டு வெளிய போ."

"கிளெண்டா, இதோ பாரு..."

"போடா."

வெஸ் கதவைத் திறந்து பிடித்தார். அவன் போனபின் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல், "உனக்குப் பைத்தியம்னேன்ல," என்றார். "பைத்தியம் நான்தான்."

"ஆமா," என்றாள் கிளெண்டா. "நானும் உன்னைத் திருடன்னேன். சரியாப் போச்சு."

டெஸ் கோப்பைக் கெல்லின் கணினியில் ஏற்றி, ஹெட்ஃபோனை உருவி ஒலிபெருக்கியை இணைத்தாள். இரண்டு மிதி, ஒரு தயக்கம், ஒரு மிதி. பிறகு, மணி இருந்த இடத்தில், பெரிய தட்டு வெடித்தது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கும்வரை வேறெதுவும் வரவில்லை.

நார்ம் காதைப் பொத்தினார். "யப்பா! என்ன இது?"

"நான்தான்," என்றாள் கிளெண்டா. "சமையலறைக் கதவை அறைஞ்சு சாத்துவேன். அப்புறம் ரொம்ப நேரம் பேசமாட்டேன்."

தாளம் திரும்பவும் வந்தது. கதவு திரும்பவும் அறைந்தது. அடுத்த சுற்று வருவதற்குள் அவள் ஹோட்டின் கோப்பையை, அதனுள் ஊறிக் கரைந்த பிஸ்கட்டோடு, இரண்டு விரலால் தூக்கிப்போய்க் குப்பைத்தொட்டியில் போட்டு, மூடியை ஓங்கி அடித்துச் சாத்தினாள்.