வலது கால் செருப்பு

பிணம் கிடைக்கவில்லை. செருப்பு கிடைத்தது.

ஒரே ஒரு ரப்பர் செருப்பு. நீல வார். அடியில் மையால் 'நூரோவா' என்று பெயர். கிழக்குக் கரையில் அலை தொடும் இடத்தில் பரிதாபமாகக் குப்புறக் கிடந்தது...

மோட்டுராவா தீவே அழுதது. நூரோவா என்ன சாதாரண ஆளா? கடற்குப்பை வரைபட அலுவலகத்தின் தலைவர்! எந்தக் கரையில் எவ்வளவு குப்பை ஒதுங்குகிறது என்று பத்து வருஷமாக மேப் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பியவர். அதுவும் ஏ.ஸி. அறையை விட்டு அசையாமல்.

கொலைகாரன் என்று சார்ஜென்ட் மட்டாயோ பிடித்து வைத்தது படகுக்காரன் டெரேயை. 'பொய் மேப் போடுற உன்னைக் கடல்ல தூக்கிப் போடுறேன் பாரு' என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் அவன் கத்தியதை ஊரே கேட்டிருந்தது. திங்களன்று நூரோவாவைக் காணோம். வேறென்ன வேண்டும்? இன்று மதிய விமானத்தில் தலைநகர்த் தீவான ரரோடோங்காவின் கோர்ட்டுக்கு.

டெரேக்கு ஒரு அக்கா, அகாயிட்டி. கரை கரையாக நடந்து குப்பையை எண்ணுவதுதான் அவள் வேலை; அந்த நோட்டை நூரோவா ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அன்று எண்ணவில்லை. நேரே ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

மேஜை மேல் பிளாஸ்டிக் பையில் செருப்பு. பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பயம் போய்க் கோபம் வந்தது.

"சார்ஜென்ட், இது எந்தக் கால் செருப்பு?"

"வலது கால். அதுக்கென்ன இப்போ?"

"கிழக்குக் கரையில வலது கால் செருப்பு ஒதுங்காது."

மட்டாயோ தலைநகரிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான். அகாயிட்டி பொறுமையாகச் சொன்னாள். இடது செருப்பு ஒரு பக்கம் வளைந்திருக்கும், வலது மறுபக்கம். காற்று இரண்டையும் பிரித்துத் தள்ளிவிடும். இடதெல்லாம் கிழக்கே, வலதெல்லாம் மேற்கே. ஜோடி வேண்டுமென்றால் இந்த ஊரில் இரண்டு கரைக்கும் நடக்க வேண்டும். நோட்டையும் விரித்துக் காட்டினாள். பதினோரு வருஷக் கணக்கு. கிழக்குக் கரை: இடது ஆயிரத்து இருநூற்றாறு. வலது... பூஜ்யம்!

"அப்போ இது?"

"யாரோ கொண்டு வந்து வச்சது. என் தம்பி வச்சிருந்தா இடதைத்தான் வச்சிருப்பான். இங்க சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். உங்களை விட்டா, தெரியாதவர் ஊர்லயே ஒருத்தர்தான்."

"யாரு?"

"கரைக்கே போகாம மேப் போட்டவர்."

மட்டாயோவின் டீ பாதி வழியில் நின்றது.

சுவரில் நூரோவாவின் மேப். காயலுக்கு அப்பால் ஒரு குட்டித் தீவு. 'குப்பை இல்லை, யாரும் போக வேண்டாம்' என்று அவரே எழுதியிருந்தார். ஒளிவதற்கு அதைவிட வசதியான இடம் ஏது? உடனே கிளம்பினார்கள். ஊரில் இருந்த ஒரே படகுக்காரன் லாக்கப்பில் இருந்ததால், அவனையே திறந்துவிட்டு ஓட்டச் சொன்னார் மட்டாயோ.

குப்பை இல்லாத தீவில் கால் வைக்க இடமில்லை. மீன் வலை, மிதவை, பாட்டில். நடுவே மாட்டுக்கறி டின் ஐந்து, இன்னும் ஈரம் காயாமல். பழக்கதோஷம், அகாயிட்டி எண்ணிவிட்டாள்.

வலைக் குவியல் அசைந்தது!

உள்ளே நூரோவா. இடது காலில் நீல வார்ச் செருப்பு. வலது கால் பவளப்பாறை கிழித்து ரத்தம்; நீர் வற்றிய நேரம் பாறை மேல் நடந்தே வந்திருக்கிறார்.

"அகாயிட்டி... வெளிநாட்டு ஆளுங்க நாளைக்கு என் மேப்பை வச்சுக்கிட்டு கரையைப் பாக்க வர்றாங்க. செத்தவனை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு..."

"அதுக்கு என் தம்பி ஜெயிலுக்குப் போகணுமா?"

கண் நிறைந்துவிட்டது. விட்டால் அறைந்திருப்பாள்.

மட்டாயோ தொண்டையைச் செருமினார்.

"அவங்க காலையில போன் பண்ணாங்க சார். ரொம்ப வருத்தப்பட்டாங்க. உங்க நினைவா ஒரு கரை விடாம நடந்தே அளக்கப் போறாங்களாம். இந்தத் தீவுலதான் ஆரம்பம்."

நூரோவா மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அகாயிட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு குப்பைக் கணக்குப் படிவத்தை எடுத்தாள். எழுதினாள். பொருள்: பெரியது. எடை: சுமார் நூறு கிலோ. எங்கிருந்து வந்தது: உள்ளூர்.

டெரே எட்டிப் பார்த்தான்.

"அக்கா, கடைசிக் கட்டத்தை விட்டுட்டியே. 'மறுபடி எதுக்காவது உதவுமா?'"

அகாயிட்டி நூரோவாவைப் பார்த்தாள். அவர் காலைப் பார்த்தாள்.

"ஆளு உதவாதுடா. செருப்பு உதவும்."