புவனாவுக்குக் கொடுத்த சீர்

விடிந்தும் விடியாத நேரத்தில் உள்ளறையில் 'சடார்' என்று ஒரு சத்தம்! விருந்தாளிகளுக்குப் பலகார மாவு பிசைந்துகொண்டிருந்த மாசாணியம்மாள் கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள்.

கதிர் என்று பெயர் வைத்து மகனாக வளர்த்த பிள்ளை, தனக்குத்தானே புவனா என்று பெயர் வைத்துக்கொண்டு, தன் மனசுபோல் ஆக்கி வைத்திருந்த அறை அது. ரோஸ் சுண்ணாம்பு, சுங்கடிச் சேலையில் திரை, ஆளுயரக் கண்ணாடி, அதைச் சுற்றிச் சுவரில் வளையல் துண்டுகள் பதித்த பூவேலை. "இந்த ரூமுக்குள்ள வந்தாத்தாம்மா எனக்கு மூச்சே வருது" என்பாள். இப்போது திரை கிழிந்து கிடந்தது. கண்ணாடி தூள் தூள்! மூலையில் புவனா விக்கி விக்கி அழுதாள்.

சுத்தியலோடு நின்ற அவள் புருஷன் அப்புசாமி சீறினார். "பெரியவனுக்குப் பொண்ணு குடுக்கறவங்க கோபியிலிருந்து ஊடு பாக்க வாராங்க... இந்தக் கூத்தப் பாத்தா காறித் துப்பீருவாங்க! இவனைத் தோட்டத்துச் சாளைக் குடிசைக்குப் போவச் சொல்லு!"

கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் புருஷனை எதிர்த்துப் பேசாதவள் மாசாணியம்மாள். அடி வாங்கியும் பொறுத்தாள், வசவு வாங்கியும் பொறுத்தாள். பொறுத்துப் பொறுத்து என்ன கண்டாள்? விடுவிடுவென்று தன் அறைக்குப் போய், கண்ணாடி வைத்த தேக்கு பீரோவிலிருந்து சேலைகளை அள்ளி வீசினாள்.

"புவனா! அழுதது போதும்... ஒரு கை புடி கண்ணு!"

அந்தப் பெயரை அம்மா வாயால் சொன்னது அன்றுதான் முதல் தடவை. புவனா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். பிறகு இருவருமாக பீரோவைத் தள்ளிவந்து அந்த அறையில் சேர்த்தார்கள். அப்புசாமி சுத்தியலை ஓங்கினார்.

"தொடுங்க பாக்கலாம்! இது எங்கொப்பன் ஊட்டுச் சீருங்க! பொண்டாட்டி சீரை ஒடச்சவருன்னு ஊரு பேசோணுமா? பொண்ணுக்குச் சீர் குடுக்கறது நம்ம வழக்கந்தானுங்க... என்ற மகளுக்கு நான் குடுத்துப்போட்டேன்!"

"எவடி உனக்கு மக?"

"நான் பெத்தது எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா!"

வாசலில் அம்பாசிடர் வந்து நின்றது. அப்புசாமி அவசரமாகச் சுத்தியலைக் கதவுக்குப் பின்னால் மறைத்தார். கோபிக்காரர் பாலுசாமி சம்சாரத்தோடு உள்ளே வந்தார்.

மாசாணியம்மாள் கலைந்த தலையைக்கூட முடியவில்லை. "வாங்க, வாங்க! மொதல்ல என்ற சின்ன மக ரூமைப் பாருங்க. நேத்து வரைக்கும் இன்னும் நல்லா இருந்துச்சுங்க. காலையிலதான் அவங்கப்பா ஒடச்சுப்போட்டாரு."

புவனாவை ஏற இறங்கப் பார்த்த பாலுசாமியின் சம்சாரம், சுவரில் பாதி உதிர்ந்து நின்ற பூவேலையைத் தடவிப் பார்த்தாள்.

"இது ஆரு கண்ணு செஞ்சது?"

"நாந்தானுங்க..."

"இந்தக் கைவேலையவா ஒடைக்க மனசு வந்துச்சு?" என்று அவள் அப்புசாமியைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்புசாமிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"கை பத்திரமுங்க" என்றாள் மாசாணியம்மாள். "ஆனா ஒரு சில்லு உடாமப் பொறுக்குங்க. என்ற மக வெறுங்காலோட நடக்கற எடம்!"